கார்பன் கணக்கு விற்கும் சந்தை

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளின் மெர்ச்சன்டைசர்களுக்கு இப்போது ஆர்டர் ஷீட்டோடு இன்னொரு வேலையும் சேர்ந்து வருகிறது. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பையர் ஓர் இணையதளத்தின் முகவரியையும் கடவுச்சொல்லையும் அனுப்புகிறார். போன வருஷம் எத்தனை யூனிட் மின்சாரம் ஓடியது, ஜெனரேட்டருக்கு எத்தனை லிட்டர் டீசல் போனது, துணிக்கு எந்தச் சாயப்பட்டறையில் சாயம் ஏற்றினீர்கள், அங்கே பாய்லரில் எரித்தது நிலக்கரியா விறகா, எத்தனை டன் என்று அந்தத் தளம் வரிசையாகக் கேட்கிறது. பதில்களை நிரப்பி முடித்தால் கடைசியில் ஓர் எண் வரும். இத்தனை டன் கரியமில வாயு என்று.

அந்தத் தளத்துக்குப் பின்னால் இருப்பது கார்பன் மேலாண்மை மென்பொருள். அதைத் தயாரிக்கும் கம்பெனிகள், அதைப் பொருத்திக் கொடுக்கும் ஆலோசகர்கள், வரும் எண்ணைச் சரிபார்த்துச் சான்று கொடுக்கும் தணிக்கையாளர்கள் என்று ஒரு பெரிய தொழிலே ஐந்தாறு வருடங்களில் எழுந்து நிற்கிறது. தமிழ்நாட்டின் நூல் மில், சாயப்பட்டறை, வார்ப்பாலை, வாகன உதிரிபாகப் பட்டறை எல்லாமே ஏதோ ஒரு முனையில் இதைத் தொட்டாக வேண்டிய நிலை வந்துவிட்டது. ஆனால் இங்கே என்ன விற்கப்படுகிறது, எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதில் பலருக்குத் தெளிவு இல்லை. தெளிவு இல்லாத இடத்தில் தேவையில்லாததை வாங்குவதும், தேவையானதைத் தள்ளிப்போடுவதும் நடக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கார்பன் என்று சொன்னவுடன் பலரும் நினைப்பது கார்பன் கிரெடிட்டைத்தான். மரம் நட்டால் காசு வரும், காற்றாலை போட்டால் பத்திரம் விற்கலாம் என்கிற பேச்சு ஊரில் நெடுநாளாக உலவுகிறது. அது தனிச் சந்தை. ஒருவர் குறைத்த உமிழ்வை இன்னொருவர் விலைக்கு வாங்கித் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும் சந்தை. கார்பன் மேலாண்மை மென்பொருள் அதைச் செய்வதில்லை. ஒரு நிறுவனம் எவ்வளவு பசுங்குடில் வாயுவை வெளியேற்றுகிறது என்று கணக்கு எழுதுவதும், அந்தக் கணக்கை அரசுக்கும் முதலீட்டாளருக்கும் வாடிக்கையாளருக்கும் அவரவர் கேட்கும் படிவத்தில் கொடுப்பதும், எங்கே குறைக்கலாம் என்று காட்டுவதும்தான் அதன் வேலை. கணக்கு எழுதியதால் மட்டும் ஒரு கிலோ புகைகூடக் குறைந்துவிடாது. விற்க வருகிறவர் இதைச் சொல்ல மாட்டார் என்பதால் வாங்குகிறவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்குக்கு உலகம் முழுவதும் ஒரு விதிநூல் இருக்கிறது. ஜி.எச்.ஜி. புரோட்டோகால் என்பார்கள். உலக வள ஆய்வு நிறுவனமும், நீடித்த வளர்ச்சிக்கான உலகத் தொழில் மன்றமும் சேர்ந்து 2001-ல் முதல் பதிப்பை வெளியிட்டன; 2004-ல் திருத்தின. உமிழ்வை மூன்று பகுதிகளாகப் பிரிக்கச் சொன்னது இந்த நூல்தான். நம் வளாகத்துக்குள் நாமே எரிப்பது ஸ்கோப்-1. பாய்லர், ஜெனரேட்டர், சொந்த வண்டி எல்லாம் இதில் வரும். வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்துக்காக எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் எரிவது ஸ்கோப்-2. மற்றதெல்லாம் ஸ்கோப்-3. வாங்கிய பஞ்சு, நூல், வெளியே கொடுத்த ஜாப் வொர்க், கப்பல் பயணம், ஊழியர் வந்துபோகும் பஸ், கடைசியில் வாடிக்கையாளர் அந்தச் சட்டையைத் துவைப்பது வரை அதில் அடங்கும். 2011-ல் ஸ்கோப்-3-க்கென்று தனி விதிநூல் வந்தபோது அதைப் பதினைந்து வகைகளாகப் பிரித்தார்கள்.

ஒரு துணி பிராண்டின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அதன் சொந்தக் கடைகளும் அலுவலகமும் வெளியிடுவது சொற்பம். மிகப் பெரும்பகுதி ஸ்கோப்-3-ல், அதாவது நூற்பாலையிலும் சாயப்பட்டறையிலும் தையல் கூடத்திலும் இருக்கிறது. லண்டனில் இருக்கும் பிராண்ட் தன் கணக்கை முடிக்கத் திருப்பூர்க்காரரின் மின் கட்டண ரசீதைக் கேட்பது இதனால்தான். நம் ஸ்கோப்-1, ஸ்கோப்-2 இரண்டும் அவருடைய ஸ்கோப்-3. ஒரே டன் இரண்டு பேர் புத்தகத்திலும் ஏறும். அது தவறு அல்ல. விதியே அப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது, ஒரு டன்னுக்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்பதற்காக.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று ஓர் உதாரணத்தில் பார்த்துவிடலாம். ஒரு நிட்டிங் யூனிட் மாதம் 40,000 யூனிட் மின்சாரம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்திய மின்தொகுப்பிலிருந்து ஒரு யூனிட் எடுத்தால் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று மத்திய மின்சார ஆணையம் வருடாவருடம் கணக்கிட்டு வெளியிடுகிறது. 40,000-ஐ 0.7-ஆல் பெருக்கினால் 28,000 கிலோ, அதாவது 28 டன். மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டர் 500 லிட்டர் டீசல் குடித்தது என்றால், லிட்டருக்கு 2.68 கிலோ வீதம் 1,340 கிலோ. மொத்தம் 29 டன்னும் கொஞ்சமும். இவ்வளவுதான். ஒரு பெருக்கல், ஒரு கூட்டல். கால்குலேட்டர் போதும், எக்செல் இருந்தால் இன்னும் சௌகரியம்.

ஆனால் அந்தப் பெருக்கும் எண் எங்கிருந்து வருகிறது என்பதில் சூட்சுமம் இருக்கிறது. அதை உமிழ்வுக் காரணி என்பார்கள். தளத்தில் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் இந்தியாவுக்குப் பதிலாகப் பிரான்ஸ் என்று கைதவறிப் போட்டால், அணுமின்சாரம் மிகுந்த அந்த நாட்டின் காரணி யூனிட்டுக்கு 50 கிராமை ஒட்டியே இருப்பதால், அதே 28 டன் 2 டன்னாகச் சுருங்கிவிடும். மீட்டர் ஒன்றுதான், ரசீது ஒன்றுதான், எண் மட்டும் வேறு. காரணிகளை வருடந்தோறும் புதுப்பித்து, எந்த ரசீதிலிருந்து எந்த எண் வந்தது என்று தடம் வைத்து, ஆயிரம் சப்ளையர்களின் தரவை ஒரே இடத்தில் சேர்த்து, தணிக்கையாளர் வந்து கேட்டால் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் காட்ட முடிகிற வசதி, பெரிய நிறுவனங்களுக்கு உண்மையிலேயே தேவை. மென்பொருளின் மதிப்பு அங்கே இருக்கிறது. இருபது மெஷின் வைத்திருக்கும் யூனிட்டுக்கு அந்தத் தேவை கிடையாது.

விற்பவர்கள் யார்? ஒரு பக்கம் புதிதாகத் தொடங்கிய கம்பெனிகள். சான் பிரான்சிஸ்கோவின் வாட்டர்ஷெட், அரிசோனாவின் பெர்செஃபோனி, பிரான்சின் ஸ்வீப், பெர்லினின் பிளான் ஏ போன்றவை. பெர்செஃபோனி 2021-ல் ஒரே சுற்றில் 10 கோடி டாலருக்கு மேல் முதலீடு திரட்டியது. வாட்டர்ஷெட் 2024 பிப்ரவரியில் 10 கோடி டாலர் திரட்டியபோது அதன் மதிப்பு 180 கோடி டாலர் என்று போடப்பட்டது. இன்னொரு பக்கம் ஏற்கெனவே கம்பெனிகளின் கணக்குப் புத்தகத்துக்குள் உட்கார்ந்திருக்கும் பெரிய மென்பொருள் நிறுவனங்கள். எஸ்.ஏ.பி., மைக்ரோசாஃப்ட், சேல்ஸ்ஃபோர்ஸ் மூன்றும் தங்கள் பொருட்களோடு கார்பன் கணக்கையும் சேர்த்து விற்கின்றன. ஐ.பி.எம். தானே எழுதாமல், 2022 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் என்விசி நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. இவற்றோடு டெலாய்ட், பி.டபிள்யூ.சி., ஈ.ஒய்., கே.பி.எம்.ஜி. போன்ற தணிக்கை, ஆலோசனை நிறுவனங்களும் களத்தில் இருக்கின்றன. பாஸ்டன் கன்சல்டிங் குரூப் 2021-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. தன் உமிழ்வை முழுமையாக அளக்கும் நிறுவனங்கள் 9 சதவீதம் மட்டுமே, கணக்கில் பிழை சராசரியாக 30 முதல் 40 சதவீதம் இருக்கும் என்று நிறுவனங்களே மதிப்பிடுகின்றன என்றது அந்த ஆய்வு. பயனுள்ள தகவல்தான். அதே நிறுவனம் இந்தக் குறையைத் தீர்க்கும் மென்பொருளையும் விற்றது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்தச் சந்தையின் மொத்த மதிப்பு இத்தனை நூறு கோடி டாலர் என்று சந்தை ஆய்வு நிறுவனங்கள் மாதம் ஒரு எண் சொல்கின்றன. ஒருவர் மென்பொருள் சந்தாவை மட்டும் எண்ணுகிறார். இன்னொருவர் ஆலோசனைக் கட்டணத்தையும் சேர்க்கிறார். மூன்றாமவர் கிரெடிட் வியாபாரத்தையும் உள்ளே போட்டுவிடுகிறார். எல்லைக்கோடு வேறு வேறாக இருக்கும்போது இந்த எண்களை ஒப்பிடுவதால் பயனில்லை. இந்தச் சந்தை எதனால் ஓடுகிறது என்று தெரிந்துகொள்வது அதைவிட உதவும்.

ஓட்டுவது சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சி.எஸ்.ஆர்.டி. என்னும் நீடித்தன்மை அறிக்கைச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது சுமார் 50,000 நிறுவனங்கள் அதன் வலைக்குள் வரும் என்று கணக்கிட்டார்கள். முதலீட்டாளர்கள் கார்பன் மென்பொருள் கம்பெனிகளில் பணத்தைக் கொட்டிய காலமும் இதை ஒட்டியதுதான். பிறகு காற்று மாறியது. 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையமே அந்த 50,000 நிறுவனங்களில் சுமார் 80 சதவீதத்தை விலக்கிவிடலாம் என்று முன்மொழிந்தது. ஏப்ரலில் பல நிறுவனங்களுக்கான கெடு இரண்டு வருடம் தள்ளிப்போடப்பட்டது. அமெரிக்காவில் பங்குச் சந்தை ஆணையம் 2024 மார்ச்சில் கொண்டுவந்த பருவநிலை அறிக்கை விதியை, 2025 மார்ச்சில் நீதிமன்றத்தில் ஆதரித்து வாதாடுவதைக் கைவிட்டது. கலிஃபோர்னியா மட்டும் தன் சட்டத்தில் நிற்கிறது. 100 கோடி டாலருக்கு மேல் வருமானம் உள்ள நிறுவனங்கள் 2026 முதல் தங்கள் உமிழ்வைச் சொல்ல வேண்டும் என்கிறது.

இதைப் பார்த்துவிட்டு, சரி, எல்லாம் ஓய்ந்துவிட்டது, இனி இந்தக் கணக்கு வேண்டாம் என்று முடிவு கட்டுவது பிழை. அறிக்கைச் சட்டம் தளர்ந்திருக்கிறது. எல்லையில் வசூலிக்கும் காசு தளரவில்லை. சி.பி.ஏ.எம். எனப்படும் ஐரோப்பிய எல்லைக் கார்பன் கட்டணம் 2023 அக்டோபரிலிருந்து வெறும் தகவல் கேட்கும் கட்டத்தில் இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் காசு கேட்கும் கட்டத்துக்கு வந்துவிட்டது. சிமென்ட், இரும்பு எஃகு, அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகிய ஆறும் அதில் அடக்கம். துணி இல்லை. ஆனால் போல்ட்டும் நட்டும் ஸ்குரூவும் உண்டு. பெரிய எஃகு ஆலைகளைவிடப் பலமாக இடிபடப் போவது அவற்றைச் செய்யும் பட்டறைகள்தான்.

ஒரு போல்ட் பட்டறை தன் வளாகத்தில் எரிப்பது கொஞ்சம். போல்ட்டின் உமிழ்வு பெரும்பாலும் அது செய்யப்பட்ட கம்பியில் இருக்கிறது; அந்தக் கம்பியை உருக்கிய ஆலையில் இருக்கிறது. இந்தியாவில் ஒரு டன் எஃகுக்குச் சுமார் 2.5 டன் கரியமில வாயு வெளியாகிறது என்கிறது மத்திய எஃகு அமைச்சகம். உலகச் சராசரி 1.9-ஐ ஒட்டி. பட்டறைக்காரர் தன் ஆலையிடம் போய், நீங்கள் தந்த இந்த லாட் கம்பிக்கு எத்தனை டன் என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். டீலரிடம் கம்பி வாங்குகிறவரால் இதைக் கேட்கவே முடியாது. உண்மைத் தரவு இல்லையென்றால் ஒன்றியம் தானே நிர்ணயித்த இயல்பு மதிப்பைப் போட்டுக்கொள்ளும். அது பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். உண்மைத் தரவு கொடுத்தால் அதை அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் சோதித்திருக்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம். ஐரோப்பியச் சந்தையில் ஒரு டன் கார்பனின் விலை 2025-ல் பெரும்பாலும் 60 முதல் 80 யூரோவுக்குள் இருந்தது. கட்டணம் 2026-ல் சிறு பங்காகத் தொடங்கி 2034-ல் முழுமையாகும். வருடத்துக்கு 50 டன்னுக்குக் குறைவாக இறக்குமதி செய்யும் ஐரோப்பிய வியாபாரிக்கு விலக்கு உண்டு என்பது ஆறுதல். விலக்கு இறக்குமதியாளருக்குத்தானே தவிர, அனுப்புகிறவருக்கு அல்ல. நம்மிடமிருந்து 5 டன் மட்டும் வாங்கினாலும் அவர் மொத்தமாக வாங்குவது 50-ஐத் தாண்டினால் நம் சரக்கும் கணக்கில் வரும்.

இனி, மென்பொருள் தரும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு வருவோம். ஸ்கோப்-3-ஐக் கணக்கிட இரண்டு வழி. சப்ளையரிடமிருந்து உண்மையான அளவைக் கேட்டு வாங்குவது ஒன்று. அது கிடைக்காதபோது, செலவழித்த பணத்தை வைத்து ஊகிப்பது இன்னொன்று. இத்தனை லட்சம் ரூபாய்க்கு நூல் வாங்கினால் சராசரியாக இத்தனை டன் உமிழ்வு என்று பொருளாதார அட்டவணைகளிலிருந்து எடுத்துப் போடுவார்கள். கணக்குப் புத்தகத்தை மென்பொருளோடு இணைத்துவிட்டால் ஒரு வாரத்தில் எண் தயார் என்று விற்பனையாளர் சொன்னால், அவர் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியைத்தான்.

இதன் குறையைத் திருப்பூருக்கு எளிதாகப் புரியவைக்கலாம். 2022 மே மாதம் நூல் விலை தாங்க முடியாமல் போய்த் திருப்பூர் வேலைநிறுத்தம் செய்தது. அந்த வருடம் ஒரு கம்பெனி முந்தின வருடத்தைவிடக் குறைந்த கிலோ நூல் வாங்கியிருந்தாலும் கொடுத்த பணம் அதிகமாக இருந்திருக்கும். பணத்தை வைத்துப் போடும் கணக்கில் அதன் உமிழ்வு ஏறியிருக்கும். மறுவருடம் விலை இறங்கியதும், ஒரு மெஷினைக்கூட மாற்றாமல், ஒரு பாய்லரைக்கூடத் தொடாமல் உமிழ்வு குறைந்ததாகக் காட்டும். பணவீக்கத்துக்குத் திருத்தம் செய்கிறோம் என்று நல்ல மென்பொருள்காரர் சொல்வார். நூல் விலை பொதுப் பணவீக்கத்தோடு சேர்ந்தா நடக்கிறது? எங்கே அதிகம் வெளியாகிறது என்று முதல் முறை தோராயமாகப் பார்க்க இந்த வழி உதவும். வருடாவருடம் குறைந்ததா கூடியதா என்று அளக்க உதவாது. மின் கட்டணத்தைச் சேமிக்கப் பத்து லட்சம் ரூபாய் போட்டுச் சிக்கன மோட்டார் மாட்டிய சப்ளையரும், ஒன்றுமே செய்யாத சப்ளையரும் இந்தக் கணக்கில் ஒன்றாகவே தெரிவார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

சராசரியை நம்பி விளம்பரம் செய்ததற்கு நார்வேயில் ஒரு தீர்மானமான பதில் கிடைத்தது. துணிவகைகளின் சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிடும் ஹிக் குறியீட்டின் சராசரி எண்களை வைத்து ஒரு குறிப்பிட்ட உடை சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்லக் கூடாது என்று அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் 2022-ல் அறிவித்தது. அந்தப் பருத்தி எந்த வயலில் விளைந்தது, அந்தச் சாயம் எந்தப் பட்டறையில் ஏறியது என்று தெரியாமல் சராசரியைத் துணியின் மேல் ஒட்டுவது நுகர்வோரை ஏமாற்றுவது என்பது அதன் வாதம்.

அப்படியானால் உண்மைத் தரவுதான் வேண்டும். அது எங்கே பிறக்கிறது என்று பார்க்கச் சாயப்பட்டறைக்குள் போக வேண்டும். பின்னலாடைத் தொழிலில் சூட்டின் பெரும்பகுதி அங்கேதான். பாய்லரில் சீமைக்கருவேல விறகு எரிகிறது. விறகு லாரி எடை மேடை ஏறிச் சீட்டு வாங்கி வருகிறது. மழைக்காலத்து ஈர விறகும் கோடையில் காய்ந்த விறகும் எடை மேடையில் ஒரே டன்தான். எரியும்போது தரும் வெப்பம் வேறு. ஈரப்பதத்தைக் குறித்து வைக்கும் பட்டறைகள் குறைவு. விதிநூலின்படி, விறகிலிருந்து வரும் கரியமில வாயுவை ஸ்கோப்-1-ல் சேர்ப்பதில்லை. மரம் வளரும்போது எடுத்துக்கொண்டதைத்தான் திரும்ப விடுகிறது என்பதால் அதைத் தனியாகக் காட்டச் சொல்கிறார்கள். அதோடு வரும் சிறிதளவு மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் ஸ்கோப்-1-ல் ஏறும். நிலக்கரிப் பாய்லர் வைத்திருப்பவர் இதே சூட்டுக்குப் பெரிய எண்ணைக் காட்ட, விறகுப் பாய்லர்காரர் ஏறக்குறைய சுழியம் காட்டுவார். வெட்டிய இடத்தில் மரம் மறுபடி வளர்கிறதா என்ற கேள்விக்கு அந்தத் தளத்தில் பெரும்பாலும் கட்டமே இருக்காது.

அடுத்த சிக்கல் பங்கு பிரிப்பது. ஒரு பட்டறை ஒரே நாளில் பல கம்பெனிகளுக்குச் சாயம் போடுகிறது. ஒருவருக்கு வெள்ளை, இன்னொருவருக்கு வெளிர் நீலம், மூன்றாமவருக்குக் கறுப்பு. அடர் நிறத்துக்கு நேரம் அதிகம், அலசல் அதிகம், நீராவியும் அதிகம். எல்லாவற்றுக்கும் மீட்டர் ஒன்று, பாய்லர் ஒன்று. கிலோவுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தால் வெள்ளைத் துணிக்காரர் கறுப்புத் துணிக்காரரின் புகையைச் சுமக்கிறார். அதோடு கழிவுநீர். சென்னை உயர் நீதிமன்றம் 2011-ல் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாமல் சுத்திகரித்தாக வேண்டும் என்ற நிலை உறுதியானது. நொய்யல் ஆற்றைக் காக்க அது அவசியம்; அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் சவ்வூடு வடிகட்டி, மிஞ்சியதை ஆவியாக்கி உப்பாக எடுக்க மின்சாரமும் நீராவியும் நிறையச் செலவாகின்றன. நீரைச் சுத்தம் செய்யாமல் ஆற்றில் விடும் ஊரின் பட்டறை, கிலோ துணிக்கான கார்பன் கணக்கில் திருப்பூரைவிட நல்ல பெயர் வாங்கிவிடலாம். கார்பனை மட்டும் பார்க்கும் தரவரிசையில் இந்த அநியாயம் ஒளிந்திருக்கிறது. பையர்களிடம் இதை எடுத்துச் சொல்வது திருப்பூர் ஏற்றுமதியாளர்களின் உரிமை.

காற்றாலை விஷயமும் இப்படித்தான், நம் ஊருக்கே உரிய ஒரு கேள்வி. கொங்கு நாட்டுத் தொழிலதிபர்கள் பலர் சொந்தக் காற்றாலை வைத்திருக்கிறார்கள். ஆடிக்காற்றில் உற்பத்தியானதை மின்வாரியத்தின் கணக்கில் வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளும் பேங்கிங் ஏற்பாடு இங்கே நெடுநாள் பழக்கம். இப்போதுள்ள விதிப்படி ஸ்கோப்-2-ஐ இரண்டு விதமாகக் காட்ட வேண்டும். மின்தொகுப்பின் சராசரியில் எவ்வளவு, நாம் ஒப்பந்தம் செய்த மின்சாரத்தின்படி எவ்வளவு. காற்றாலைக்காரருக்கு இரண்டாவது எண் சுழியத்தை நெருங்கும். ஆனால் ஜி.எச்.ஜி. புரோட்டோகால் 2025 அக்டோபரில் கருத்துக் கேட்புக்கு விட்ட திருத்த வரைவு, மின்சாரம் உற்பத்தியான மணிநேரமும் பயன்படுத்திய மணிநேரமும் பொருந்த வேண்டும் என்கிறது. அது விதியானால், ஜூலையில் சுழன்ற காற்றாலையைக் காட்டி ஜனவரியில் ஓடிய மெஷினுக்குச் சுழியம் போட முடியாது. காற்றாலை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தங்கள் மணிநேர மீட்டர் பதிவுகளை இப்போதிருந்தே சேமித்து வைப்பது நல்லது. இந்த வரைவுக்குத் தமிழ்நாட்டுத் தொழில் அமைப்புகள் தங்கள் தரப்பை ஆதாரத்தோடு சொல்வதும் அவசியம்.

இந்தியச் சட்டம் மெதுவாக ஆனால் நிற்காமல் நகர்கிறது. பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் பி.ஆர்.எஸ்.ஆர். என்னும் நீடித்தன்மை அறிக்கை 2022-23 நிதியாண்டு முதல் சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்களுக்குக் கட்டாயம். அதன் முக்கியப் பகுதியை வெளியார் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி முதல் 150 நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாக 2026-27-ல் ஆயிரத்தையும் தொடுகிறது. சப்ளையர்களின் தரவையும் சேர்க்கச் சொன்ன விதியை மட்டும் செபி தளர்த்தி, வாங்குவதில் அல்லது விற்பதில் 2 சதவீதத்துக்கு மேல் பங்குள்ளவர்களோடு நிறுத்தி, விரும்பினால் சொல்லலாம் என்று வைத்திருக்கிறது. இதில் செபி செய்த ஒரு நல்ல காரியத்தைக் குறிப்பிட வேண்டும். சரிபார்ப்பவரோ அவரைச் சேர்ந்தவரோ அதே நிறுவனத்துக்கு ஆலோசனையோ பொருளோ விற்கக் கூடாது என்று 2023 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. கணக்கு எழுதிக் கொடுத்தவரே அதைச் சரி என்று கையெழுத்திடும் வழக்கம் இந்தத் தொழிலில் பரவிவிடாமல் தடுக்க இந்த ஒரு விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதற்கு அப்பால் மத்திய அரசின் கார்பன் வர்த்தகத் திட்டம் 2023 ஜூனில் அறிவிக்கப்பட்டது. எரிசக்திச் சிக்கன அமைப்பு அதை நடத்துகிறது. 2025 அக்டோபரில் அலுமினியம், சிமென்ட், காகிதம், குளோர்-ஆல்கலி ஆகிய துறைகளின் 282 ஆலைகளுக்கு இலக்கு விதிக்கப்பட்டது. அந்த ஆலைகளுக்கு உமிழ்வுக் கணக்கு இனி இன்னொரு பணக் கணக்கு.

ஆக, பெரியவர்களுக்கு வேலை இருக்கிறது, அதற்குக் கருவியும் வேண்டும். சிறியவர்களின் நிலைதான் கவலைக்குரியது. ஒரு ஜாப் வொர்க் பட்டறை ஐந்து பையர்களுக்கு வேலை செய்தால் ஐந்து தளங்களில், ஐந்து விதமான படிவங்களில், ஒரே மின் கட்டண ரசீதை ஏற்ற வேண்டியிருக்கிறது. ஒருவர் காலண்டர் வருடம் கேட்கிறார், ஒருவர் ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஒருவருக்கு யூனிட்டில் வேண்டும், ஒருவருக்கு மெகாஜூலில். சில தளங்கள் சப்ளையரிடமே வருடச் சந்தா கேட்கின்றன. தரவைப் பிறப்பிப்பவர் காசு கட்டுகிறார், அந்தத் தரவைச் சேர்த்து விற்பவர் நூற்றெண்பது கோடி டாலர் மதிப்பு பெறுகிறார். இந்த ஏற்பாடு நியாயமாகப் படவில்லை. நிலைக்கவும் நிலைக்காது, சலிப்படைந்த பட்டறைக்காரர் போன வருஷ எண்ணில் நாலைக் குறைத்து எழுதி அனுப்பிவிடுவார், ஆயிரம் மைலுக்கு அப்பால் அது வண்ண வரைபடமாக மாறி நிறுவன அறிக்கையில் ஏறும்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. சின்ன நிறுவனங்களிடம் இதற்கு மேல் கேட்க வேண்டாம் என்ற எல்லையோடு ஓர் எளிய படிவத்தை ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில் பரிந்துரைத்தது, வி.எஸ்.எம்.இ. என்று பெயர். கணக்கியல் ஆலோசனை அமைப்பான எஃப்ராக் தயாரித்தது. அந்தப் படிவத்தை அடிப்படையாக வைத்துத் திருப்பூர், கரூர், கோவைத் தொழில் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு ஒரே தமிழ்ப் படிவம் ஒன்றைத் தயாரிக்கலாம். வருடத்துக்கு ஒரு முறை நிரப்பி, எந்தப் பையர் கேட்டாலும் அதையே கொடுக்கலாம். தனி ஒரு பட்டறை பிராண்டிடம் இதைத்தான் தருவேன் என்று சொல்ல முடியாது. சங்கம் சொன்னால் கேட்பார்கள். வேறு எங்கும் கிடைக்காத உண்மைத் தரவு இவர்கள் கையில்தான் இருக்கிறது.

பட்டறைக்காரர் காசு போடுவதென்றால் முதலில் போட வேண்டிய இடம் சந்தா அல்ல. சாய மெஷின் வரிசைக்குத் தனியாக ஒரு நீராவி மீட்டர், சுத்திகரிப்புப் பிரிவுக்குத் தனியாக ஒரு மின் மீட்டர், விறகின் ஈரப்பதம் பார்க்க ஒரு சின்னக் கருவி. இவை மூன்றும் இருந்தால் எந்த லாட்டுக்கு எவ்வளவு சூடு போனது என்று தெரிந்துவிடும். எங்கே நீராவி கசிகிறது என்பதும் சேர்ந்தே தெரியும். அந்தக் கசிவை அடைத்தால் மிச்சமாகும் விறகுக் காசு பட்டறைக்கே.

அதற்குப் பிறகும் மென்பொருள் வேண்டும் என்று தோன்றினால், கையெழுத்துப் போடும் முன் விற்பனையாளரிடம் சில விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த வருடத்து உமிழ்வுக் காரணி, யார் வெளியிட்டது என்று ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் காட்டுமா? ஊகித்த எண்ணையும் அளந்த எண்ணையும் தனித்தனி நிறத்தில் பிரித்துக் காட்டுமா? நாங்கள் ஏற்றும் மின் கட்டண ரசீதும் உற்பத்தி விவரமும் யாருக்குச் சொந்தம், எங்கள் போட்டியாளருக்கும் விற்கும் நீங்கள் அவற்றைச் சராசரி போட்டு வேறு எங்காவது பயன்படுத்துவீர்களா? சந்தாவை நிறுத்தினால் ஐந்து வருடத் தரவையும் சாதாரண எக்செல் கோப்பாக எடுத்துக்கொண்டு போகலாமா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதித் தராதவரிடம் வாங்க வேண்டாம்.